கேட்காத சுரம் கேட்கிறது!

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கோடியக்கரையும், அங்கே படகோட்டும் பூங்குழலியும் நினைவிருக்கும். அந்த இரவுக் கடற்கரையைத் தொலைக்காட்சி நாடகமாக எடுப்பதாகக் கொள்வோம். பூங்குழலியும் வந்தியத்தேவனும் பேசுகிறார்கள், பின்னால் அலையோசை. இக்காட்சிக்கு இசையமைக்கும் பொறுப்பு உங்களுடையது. எங்கே தொடங்குவீர்கள்?

முதலில் கடிகாரத்தை எடுக்க வேண்டும். காட்சி 24 விநாடி ஓடுகிறது. நிமிடத்துக்கு 100 தட்டு என்று வேகம் வைத்தால் மொத்தம் 40 தட்டு. ஆதி தாளத்தில் சரியாக 5 ஆவர்த்தனம். 19.2ஆவது விநாடியில் பூங்குழலி சட்டென்று திரும்பினால், ஐந்தாம் ஆவர்த்தனத்தின் முதல் தட்டு அதே கணத்தில் விழும். நாம் திடுக்கிடுவோம்!

அடுத்தது பேச்சு. பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒலிகளில் பெரும்பகுதி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையில் அடங்கும். புல்லாங்குழல் ஒலிப்பதும் ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான். இரண்டும் ஒரே வேளையில் ஒலித்தால், உரத்தது மற்றதை மறைத்துவிடும். ஆகவே வசனம் முடியும்வரை குழல் காத்திருக்க வேண்டும்.

சரி, அச்சமூட்ட 60 ஹெர்ட்ஸில் ஓர் ஆழ்ந்த சுரம் சேர்க்கலாமா? இங்கேதான் சிக்கல். மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய காற்றை அசைக்க முடியாது. திரையரங்கில் நெஞ்சை அதிரவைக்கும் ஒலி, வீட்டில் காணாமற்போகும்.

தப்பிக்க வழி நம் செவியிலேயே உள்ளது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளை அநேகமாகக் கடத்துவதில்லை. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ சுமார் 120 ஹெர்ட்ஸ்தான். ஆயினும் தொலைபேசியில் அப்பாவின் குரல் கனத்த குரலாகவே கேட்டது. எப்படி? அக்குரலில் 360, 480, 600 ஹெர்ட்ஸ் என மேற்சுரங்களும் உண்டு. அவற்றின் இடைவெளி 120. இதைக் கொண்டே மூளை விடுபட்ட அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது!

இசையமைப்பாளரும் இதைப் பயன்படுத்தலாம். 60 ஹெர்ட்ஸ் சுரத்தை, மேற்சுரங்கள் நிறைந்த கனத்த தந்திக் கருவியில் வாசிக்கச் செய்தால், சிறு ஒலிபெருக்கி 180, 240, 300 ஹெர்ட்ஸ் ஒலிகளைத் தரும். அடிச்சுரத்தை நம் மூளை தந்துவிடும்.

தொடக்கப் பாடலில் வசனம் குறுக்கிடுவதில்லை. அங்கே பாடகரின் குரலே அரங்கை ஆளலாம். 1999இல் தொடங்கிய ‘சித்தி’ தொடருக்குத் தினா இசையமைத்து நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய பாடலை எண்ணிப் பாருங்கள். அடுக்களையில் இருப்பவரும் அதைக் கேட்டதும் நாடகம் தொடங்கிவிட்டதென அறிவார்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே பாடலைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் பிறகு காதணிபேசியிலும் கேளுங்கள். முன்னதில் நீங்கள் கேட்ட ஆழ்ந்த சுரங்களில் எவை காற்றில் வந்தவை, எவை உங்கள் மூளை நிரப்பியவை?