கடிக்காத கொசு காட்டிக்கொடுக்கும் வைரஸ்

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நடவு முடிந்ததும், வயலில் தேங்கிய நீரில் க்யூலெக்ஸ் கொசுக்கள் பெருகும். ஆயிரக்கணக்கான கொசுக்களில் ஏதோ ஒன்று ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைச் சுமந்திருக்கலாம். அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர்தான். பள்ளிக்கூட நுண்ணோக்கிக்கு அது எட்டவே எட்டாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1985-இல் மதுரையில் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், இதற்கு இன்னொரு கொசுவின் உதவியை நாடியது. அதன் பெயர் டாக்ஸோரிங்கைட்டிஸ். கொசுக்களிலேயே மிகப் பெரிய வகை இது. பெண் கொசுகூட ரத்தம் குடிக்காது, பூந்தேன்தான் உணவு. ஆகவே உடம்பில் வைரஸை ஏற்றினாலும் ஆய்வாளரைக் கடித்துவிடுமோ என்ற பயமில்லை.

வேலை அந்தி சாயும் நேரத்தில் தொடங்கும். மாட்டுத்தொழுவங்களைச் சுற்றி டார்ச் அடித்து, அமர்ந்திருக்கும் கொசுக்களை உறிஞ்சுகுழலால் பிடிப்பார்கள். இனம் பிரித்து, 50 கொசுக்களை ஒரு தொகுப்பாக அரைத்து, அந்தச் சாற்றைப் பெரிய கொசுவின் மார்புக்குள் ஊசியால் செலுத்துவார்கள். செலுத்தும் அளவோ சொட்டுமருந்தின் ஒரு துளியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு! கொசுவுக்கு ஊசி போட எவ்வளவு நிதானமான கை வேண்டும்!

பிறகு காத்திருப்பு. சாற்றில் வைரஸ் இருந்தால் கொசுவின் உடலுக்குள் நாளுக்கு நாள் பெருகும். ஒரு வாரத்துக்கும் மேல் கழிந்ததும் அதன் தலையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்புரதத்தை அதன்மேல் விடுவார்கள். எதிர்ப்புரதம் என்பது குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம், அதாவது ஆன்டிபாடி. புற ஊதா ஒளியில் பச்சையாக மின்னினால் வைரஸ் இருக்கிறது என்று பொருள். டெங்கு வைரஸைத் தேடவும் இதே முறை கைகொடுத்தது.

இந்தக் கொசுவை வளர்ப்பதுதான் பெரிய பாடு. அதன் புழுக்கள் மற்றக் கொசுப்புழுக்களை விழுங்கும். இரை குறைந்தால் தம் இனத்தையே தின்னும். எனவே தனித்தனிக் கிண்ணம் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மதுரை ஆய்வாளர்கள் 1990-களில் காட்டிய இன்னொரு வழி. செத்து உலர்ந்த கொசுவிலும் வைரஸின் புரதத்தை அடையாளம் காண முடியும் என்று நிறுவினார்கள். அதனால் பனிக்கட்டிப் பெட்டியைச் சுமக்காமலே தொலைதூரக் கிராமத்துக் கொசுவை ஆய்வகத்துக்குக் கொண்டுவரலாம்.

இன்று வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் விடை சொல்கிறது. ஆனாலும் பெரிய கொசுவின் பயன் தீர்ந்துவிடவில்லை; அதன் புழுக்கள் மரப்பொந்து நீரில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. நீலப் பளபளப்பும் கீழ்நோக்கி வளைந்த வாய்க்குழலும் கொண்ட பெரிய கொசு உங்கள் தோட்டத்துப் பூவில் உட்கார்ந்தால் அடித்துவிடாதீர்கள்.