மாதிரி எதைச் சொல்லும், எதை மறைக்கும்?

கலிபோர்னியாவில், சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவே இருக்கிறது சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம். காலையும் மாலையும் சாலைகளில் கார்கள் ஊர்ந்து போகும் பகுதி அது. 2012-ல் அங்கே இயந்திரவியல் பேராசிரியர் பர்ஃபோர்டு ஃபர்மனும் சூரிய மின்சாரத் துறையைச் சேர்ந்த ரான் ஸ்வென்சனும் சேர்ந்து மாணவர்களிடம் ஒரு பெரிய வேலையை ஒப்படைத்தார்கள். தூண்களின் மேல் ஒரு வழித்தடம், அதன் அடியில் தொங்கியபடி ஓடும் சிறு பெட்டிகள், தடத்தின் தலைக்கு மேல் சூரியத் தகடுகள், ஓட்டுநர் கிடையாது. ஏறுகிறவர் இறங்குமிடத்தைச் சொன்னால் இடையில் எங்கும் நிற்காமல் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். திட்டத்துக்கு ‘ஸ்பார்ட்டன் சூப்பர்வே’ என்று பெயர். ஆண்டுக்கு ஒரு மாணவர் அணி என்று வேலை கைமாறிக்கொண்டே வந்தது. ஒரு குழு நிஜ அளவிலான சக்கரத் தொகுதியைச் செய்யும். இன்னொரு குழு எல்லாவற்றையும் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, மேசை உயரத்தில் ஓடும் மாதிரியைச் செய்யும். இந்தக் கட்டுரை அந்தச் சின்ன மாதிரியைப் பற்றியது.

கருத்து புதிதல்ல. மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில், பல்கலைக்கழக வளாகங்களை இணைத்து 1975 முதல் ஆளில்லாப் பெட்டிகள் ஓடுகின்றன. ஐந்து நிலையங்கள், சுமார் 14 கி.மீ. தடம். லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாம் முனையத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் இணைத்து 2011-ல் 21 சிறு பெட்டிகள் ஓடத் தொடங்கின. அதன் தடம் 3.8 கி.மீ. அரை நூற்றாண்டாகப் பேசப்படும் ஒரு யோசனை ஏன் இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நிற்கிறது? செலவும் அரசியலும் ஒரு பக்கம். தொழில்நுட்பப் பக்கத்தில், சிக்கல் முழுவதும் தடம் பிரியும் இடத்திலும் சேரும் இடத்திலும் குவிந்து கிடக்கிறது.

இடையில் நிற்காமல் போக வேண்டுமென்றால் நிலையம் பிரதான தடத்தில் இருக்கக் கூடாது; கிளைத்தடத்தில் இருக்க வேண்டும். இறங்க வேண்டிய பெட்டி மட்டும் விலகிப் போய் நிற்கும், மற்றவை நேரே போய்விடும். ஆக, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பிரிவு, ஒரு சேர்க்கை. ரயில்வேயில் தடம் மாற்றும் ‘பாயின்ட்’ தரையில் இருக்கிறது. அது நகர்ந்து, பூட்டிக்கொண்டு, பூட்டியது உறுதியான பிறகுதான் சிக்னல் விழும். நிமிடக் கணக்கில் இடைவெளி விட்டு வரும் ரயிலுக்கு அது போதும். மூன்று நொடிக்கு ஒரு பெட்டி வரும் தடத்தில் அதற்கு நேரமில்லை. அதனால் இங்கே தடம் அசையாது; திரும்புவதா, நேரே போவதா என்பதைப் பெட்டியே தீர்மானிக்கிறது.

எப்படி என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். தடம் என்பது அடிப்பக்கம் நீளவாட்டில் பிளவுள்ள ஒரு குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்கள் உள்ளே ஓடுகின்றன. பெட்டியைத் தாங்கும் தண்டு பிளவின் வழியே கீழே இறங்குகிறது. தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் பிளவும் இரண்டாகப் பிரிய வேண்டும். அப்படிப் பிரியும்போது ஒரு பக்கச் சக்கரத்தின் ஓடுபாதையை அது குறுக்கே வெட்டிவிடுகிறது. அந்தச் சக்கரத்துக்குக் கீழே ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. அந்தக் கணத்தில் மறுபக்கம் இருக்கும் வழிகாட்டிச் சக்கரம் தன் பக்கத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டி சாயாமல் தாங்க வேண்டும். இடமா வலமா என்று அந்தப் பிடியை மாற்றுவது ஒரு சிறு நெம்புகோல். அது முழுதாக ஒரு பக்கம் விழுந்திருந்தால் கவலையில்லை. பாதியில் நின்றால் இரண்டு பக்கமும் பிடி இருக்காது. ஆகவே பிரிவுக்கு வெகு முன்பே நெம்புகோல் விழுந்து பூட்டிவிட்டதா என்று சென்சார் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெட்டி பிரிவுக்கு முன்பாகவே நின்றுவிட வேண்டும். காகிதத்தில் வரைந்தால் இது இரண்டு அம்புக்குறி. கையால் செய்து ஓடவிட்டால்தான் அரை மில்லிமீட்டர் தேய்மானம் என்ன செய்யும் என்று தெரியும்.

சேர்க்கை இதைவிடக் கடினம். பெட்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 11.1 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். முன்னால் போவது திடீரென்று அசையாமல் நின்றுவிட்டாலும் பின்னால் வருவது மோதக் கூடாது என்பதுதான் பாதுகாப்பு விதி. உட்கார்ந்திருப்பவர் தூக்கி எறியப்படாத அளவுக்குப் பிரேக் போட்டால் நிற்க 25 மீட்டர் வேண்டும். ஆபத்தை உணர அரை நொடி, அதற்குள் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். பெட்டியின் நீளம் மூன்று மீட்டர். கூட்டினால் ஏறக்குறைய 33 மீட்டர். நேரத்தில் மூன்று நொடி. மணிக்கு 1,200 பெட்டிகள். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர் என்றால் 2,400 பேர்தான். நிறைந்த மெட்ரோ ரயில்கள் இரண்டு மூன்று அவ்வளவு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். மெட்ரோவுக்கு மாற்று இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெட்ரோ எட்டாத கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குத்தான் இது பொருந்தும். அந்த 33 மீட்டருக்குள், கிளைத்தடத்திலிருந்து வரும் பெட்டி சரியான வேகத்தில், சரியான நொடியில் வந்து நுழைய வேண்டும். புறவழிச்சாலையில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறும் வண்டி போல, ஆனால் ஓட்டுநரின் கண்ணும் ஹாரனும் இல்லாமல்.

இனி அளவுச் சுருக்கம். நீளத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் பரப்பு 144-ல் ஒன்றாகும், எடை 1,728-ல் ஒன்றாகும். எடை இப்படிச் சரிய, அதைத் தாங்கும் குறுக்குப்பரப்பு அவ்வளவு வேகமாகச் சரிவதில்லை. அதனால் மாதிரி எப்போதும் நிஜத்தைவிடத் திடமாகத் தெரியும். பிளைவுட் தூணில் ஜம்மென்று நிற்கும் தடம், நிஜத்தின் எஃகுத் தூணைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. இங்கே மாதிரி நம்மை மயக்குகிறது.

நேரத்தின் கதை வேறு. புவியீர்ப்பு சுருங்குவதில்லை. ஆகவே வேகமும் நேரமும் பன்னிரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 3.46-ஆல் குறைய வேண்டும். நொடிக்கு 11.1 மீட்டர் என்பது மாதிரியில் 3.2 மீட்டர். மூன்று நொடி இடைவெளி முக்கால் நொடிக்குச் சற்று மேல். ஆனால் மின்னணுக் கருவிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கம்பியில்லாச் செய்தி போய்ச்சேர பத்தில் ஒரு நொடி ஆனால், மாதிரியிலும் பத்தில் ஒரு நொடிதான் ஆகும். நிஜ அளவுக்கு மாற்றினால் அது மூன்றில் ஒரு நொடித் தாமதத்துக்குச் சமம். கட்டுப்பாட்டு மென்பொருளைப் பொறுத்தவரை மாதிரி நிஜத்தைவிடக் கறாரான தேர்வு. முழு வேகத்தில் இங்கே சேர்க்கை பிசகாமல் நடந்தால் அங்கே நடக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முழு வேகத்தில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தொங்கும் பெட்டி வளைவில் வெளிப்பக்கம் சாயும். முப்பது மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்தில் போனால் ஏறக்குறைய 23 பாகை சாய்வு. அது நல்லதுதான், உள்ளே இருப்பவர் பக்கவாட்டில் தள்ளப்படாமல் இருக்கையில் அழுந்தி உட்கார்ந்திருப்பார். மாதிரியில் இரண்டரை மீட்டர் வளைவில் 3.2 மீட்டர் வேகத்தில் ஓட்டினாலும் அதே 23 பாகை வரும். கண்காட்சியில் பார்வையாளருக்காக நொடிக்கு ஒரு மீட்டர் என்று நிதானமாக ஓட்டினால் சாய்வு இரண்டே சொச்சம் பாகை. பார்க்க அழகாக இருக்கும். தூணில் இடிக்குமா, எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது.

தொங்கும் ஊர்தியை நாமும் முயன்றிருக்கிறோம். கொங்கன் ரயில்வே கோவாவின் மட்காவில் ‘ஸ்கைபஸ்’ சோதனைத் தடம் அமைத்தது. 2004 செப்டம்பரில் சோதனை ஓட்டத்தில் நேர்ந்த விபத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். பிறகு திட்டம் கைவிடப்பட்டது. நிஜ அளவில் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சூரியத் தகடு விஷயத்தில் மாணவர்களின் கணக்கு தேறும் என்றே நினைக்கிறேன். இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் தகடு பதித்தால் 400 கிலோவாட் வரும். நல்ல வெயில் உள்ள ஊரில், கழிவு போக, நாளுக்கு 1,600 யூனிட் எதிர்பார்க்கலாம். ஏசி உட்பட ஒரு பெட்டிக்குக் கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் என்று தாராளமாகவே வைத்தாலும் 8,000 பெட்டிகள் அந்தக் கிலோமீட்டரைக் கடக்கலாம்.

சான் ஹோசேயில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குகள்கூட அல்ல. ஓர் ஆண்டு மாணவர்கள் எழுதி வைத்த அறிக்கையிலிருந்து அடுத்த ஆண்டு மாணவர்கள் தொடங்குகிறார்கள் என்பதுதான். இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கும் வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைவா முடிந்ததும் மாதிரியைப் பிரித்து அட்டைப்பெட்டியில் போட்டுவிடாதீர்கள். எந்த வேகத்தில், எந்த இடத்தில், எத்தனை முறைக்கு ஒரு முறை அது தடுமாறியது என்று எழுதி, மாதிரியோடு சேர்த்து ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.