இறால் குளத்தின் அடிமண்ணைக் கவனியுங்கள்

இறால் வளர்க்கும் விவசாயிகள் நாள்தோறும் நீரின் நிறத்தைப் பார்க்கிறார்கள். உப்பின் அளவைச் சோதிக்கிறார்கள். குளத்தின் அடிமண்ணை எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இறால் மேய்வதும், சட்டை உரிப்பதும், சட்டை உரித்த பின் ஒதுங்கிக் கிடப்பதும் அந்தத் தரையில்தான். தரை கெட்டால் நீர் கெடும். நீர் கெட்டால் இறால் நலியும். அடிமண் கெடுவதற்கு முதற் காரணம் அங்கே பெருகும் தீய நுண்ணுயிர்கள். அவற்றைப் பெருக்குவது நாம் மிகுதியாகப் போடும் தீவனம்.

நெல்லுக்கு நண்பன், குளத்திற்குத் தொல்லை

குஞ்சு விட்ட முதல் மாதத்தில் சில குளங்களின் தரையில் கரும்பச்சை நிறத்தில் வழுவழுப்பான பாய் போன்ற படலம் படரும். வெயில் ஏறியதும் அதனுள் காற்றுக் குமிழிகள் சேரும். படலம் துண்டு துண்டாகப் பெயர்ந்து மிதந்து, காற்றடிக்கும் பக்கத்து மூலையில் ஒதுங்கும். இதுவே நீலப்பச்சைப் பாசி. பாசி என்று பெயர் பெற்றிருந்தாலும், இது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது.

நெல் வயலில் தழைச்சத்தைச் சேர்த்துத் தருவதும், அசோலாவின் இலைக்குள் குடியிருப்பதும் இதே இனத்தின் பிரிவுகள்தாம். ஆனால் இறால் குளத்தில் இது அழுகினால் பிராணவாயுவைக் குறைக்கும். சில வகைகள் இறாலுக்கு மண் வாடையை ஏற்றி விலையைக் குறைக்கும்.

வெயில் தரைவரை எட்டினால்தான் இப்படலம் வளரும். ஆகவே நீரின் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. நீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதும் நல்லதன்று. கையை நீருக்குள் நேராக இறக்கினால், முழங்கை நனையும் அளவில் உள்ளங்கை மறைய வேண்டும். இது ஏறத்தாழ 30 முதல் 45 செ.மீ. ஒளி ஊடுருவும் நிலை. ஒதுங்கிய படலத்தை அழுகும் முன் வலையால் அரித்துக் கரையேற்றுங்கள்.

கறுப்புச் சேறு உண்டாவது எப்படி?

மிஞ்சிய தீவனம், இறாலின் கழிவு, உரித்த சட்டை, மடிந்த பாசி ஆகியவை தரையில் படிகின்றன. பிராணவாயு உள்ளவரை நல்ல பாக்டீரியாக்கள் இவற்றைச் சிதைத்துவிடும். கழிவு மிகுந்து பிராணவாயு தீர்ந்ததும், அது இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. இவை நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதே. இவ்வாயு மண்ணிலுள்ள இரும்புடன் சேரும்போது சேறு கறுக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உள்ளது. அதனால்தான் நன்னீர் மீன் குளத்தைவிட உப்புநீர்க் குளத்தில் இத்தொல்லை அதிகம். விடியற்காலையில் பிராணவாயுவும் கார அமில நிலையும் குறைந்திருக்கும். கார அமில நிலை குறையக் குறைய இவ்வாயுவின் நச்சுத்தன்மை கூடும். இறால் விடியலில் கரையோரம் ஒதுங்கினாலோ, செவுள் கறுத்திருந்தாலோ அடிமண்ணை உடனே சோதியுங்கள்.

சோதனைக்குக் கருவி வேண்டாம். நீருக்கு வெளியே வந்தும் மண் சரியாதபடி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயைக் கையால் அடைத்து எடுங்கள். மேலே பழுப்பு நிற அடுக்கு இருந்து அதன் கீழே கறுப்பு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மேலேயுள்ள பழுப்பு அடுக்கு நச்சு வாயுவை நீருக்கு வரவிடாமல் தடுக்கும். மேற்பரப்பே கறுத்திருந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள்.

தீவனக் கணக்கு

ஒரு டன் இறால் எடுக்க 1,500 கிலோ தீவனம் செலவாவதாகக் கொள்வோம். தீவனத்தில் 35 சதவீதம் புரதம் இருந்தால், அதிலுள்ள தழைச்சத்து 84 கிலோ. அறுவடையாகும் இறாலில் ஏறத்தாழ 30 கிலோ மட்டுமே வெளியேறும். மீதி 54 கிலோ குளத்தில் விடப்படுகிறது. யூரியாக் கணக்கில் இது சுமார் 117 கிலோ. அதாவது 45 கிலோ மூட்டை இரண்டரைக்கும் மேல். எந்த நெல் வயலிலும் தேவைக்கு மேல் இவ்வளவு உரத்தைக் கொட்ட மாட்டோம்.

அதே ஒரு டன் இறாலை 1,200 கிலோ தீவனத்தில் எடுத்தால் மிஞ்சும் தழைச்சத்து சுமார் 37 கிலோவாகக் குறையும். தீவனச் செலவும் மிச்சம். இதற்குச் சோதனைத் தட்டே துணை. தீவனமிட்ட 2 மணி நேரத்தில் தட்டைத் தூக்கிப் பாருங்கள். தீவனம் மீந்திருந்தால் அடுத்த வேளை அளவைக் குறையுங்கள். மேகமூட்டமான நாளிலும், இறால் கூட்டமாகச் சட்டை உரிக்கும் நாளிலும் தீவனத்தைக் குறைப்பது அவசியம்.

மருந்தால் தீருமா?

தரை கறுத்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் முதலிய மருந்துகள் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. இவற்றின் எச்சம் கண்டறியப்பட்டால் ஏற்றுமதிச் சரக்கே திருப்பி அனுப்பப்படும். மேலும் இவை நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். மருந்துக்குத் தப்பியவை பெருகும்.

பிளீச்சிங் பவுடர், மயில்துத்தம் ஆகியவற்றை இறால் உள்ள குளத்தில் இடுவதும் தவறு. பாசி ஒரேயடியாக மடிந்து அழுகும். அன்றிரவே பிராணவாயு தீரும். பிளீச்சிங் பவுடர் குஞ்சு விடுமுன் நீரைத் தூய்மையாக்க மட்டுமே ஏற்றது.

புரோபயாடிக் என்ற பெயரில் விற்கப்படும் பேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்க உதவக்கூடும். ஆனால் அவையும் பிராணவாயு இருந்தால்தான் நன்கு வேலை செய்யும். புட்டிக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் ஏரியேட்டர் ஓட்டுவதற்குச் செலவிடுங்கள்.

வளர்ப்புக் காலத்தில் செய்ய வேண்டியவை

1. குளத்திலுள்ள 400 முதல் 500 கிலோ இறாலுக்கு ஒரு குதிரைத்திறன் ஏரியேட்டர் வேண்டும். கழிவு நடுவில் ஒதுங்கும்படி நீரைச் சுழல விடுங்கள். நடுவே சேரும் கழிவில் தீவனம் விழாதபடி தூவுங்கள்.

2. விடியலுக்கு முன் பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

3. அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் நீரின் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. காரத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்தால் வேளாண் சுண்ணாம்பு இடுங்கள்.

4. கறுத்த சேற்றை இறால் இருக்கும்போது கலக்காதீர்கள். அடங்கியிருக்கும் நச்சு வாயு ஒரே நேரத்தில் வெளிவரும்.

குளத்திற்கும் கோடை உழவு

அறுவடை முடிந்ததும் நீரை வடித்து, தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். வெடிப்பின் வழியே காற்று இறங்கும்போது கறுப்பு மண் பழுப்பாக மாறும். காயாமல் குழம்பாக நிற்கும் சேற்றை மட்டும் அள்ளி அகற்றுங்கள். பிறகு 5 முதல் 10 செ.மீ. ஆழம் உழுது, மீண்டும் தரையை இறுக்குங்கள். மண்ணின் கார அமில நிலை 7-க்குக் குறைந்திருந்தால், சோதனை முடிவுக்கு ஏற்ப ஏக்கருக்கு 400 முதல் 1,200 கிலோ வேளாண் சுண்ணாம்பு இடலாம். வனாமி இறால் வந்தபின் ஆண்டுக்கு இருமுறை, மும்முறை என்று அவசரப்பட்டு இந்த ஓய்வைக் குறைப்பவர்கள், அடுத்த பட்டத்தில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

அள்ளிய சேற்றைப் பாசன வாய்க்காலிலோ, பக்கத்து வயலிலோ தள்ளாதீர்கள். அதில் உப்பு உண்டு. அண்டை விவசாயியின் நெல்லும் குடிநீர்க் கிணறும் கெடும். இறால் பண்ணைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் கடும் தீர்ப்பளித்ததும், 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்ததும் நினைவிருக்கட்டும். சேற்றைப் பண்ணைக்குள்ளேயே தனி மேட்டில் கொட்டி, மழைநீரில் கரைந்து ஓடாதபடி வரப்புக் கட்டுங்கள்.

குழாய்ச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். வாரம் ஒருமுறை குளத்தில் நான்கு இடங்களில் செய்து, பார்த்ததைத் தீவனக் கணக்கு நோட்டிலேயே குறித்து வாருங்கள். கறுப்பு மேலேறுவது தெரிந்த அன்றே தீவனத்தைக் குறைத்து ஏரியேட்டரைக் கூட்டினால், கடன் வாங்கி விட்ட குஞ்சு கரையேறும்.