காப்புக் கொத்தில் கட்டிய பூக்கள்

மார்கழிக் கடைசியில் துறையூரிலிருந்து பச்சைமலை அடிவாரத்துக்குப் போகிறவர் கண்ணில் சாலையோரத்தில் இரண்டு நிறங்கள் படும். இடுப்புயரப் புதரில் ஆவாரையின் மஞ்சள். அதன் காலடியில் பூளையின் வெள்ளை. போகியன்று இந்த இரண்டும் வேப்பிலையோடு சேர்ந்து ஒரு கொத்தாகும். வீட்டு இறவாரம், மாட்டுக்கொட்டகை, கிணற்றடி, வயல் மூலை என்று எங்கும் அதைச் செருகுவார்கள். காப்புக்கட்டு என்பது இதுதான். திருச்சியின் மேற்குப் பகுதியிலும் நாமக்கல், சேலம், கொங்கு நாட்டிலும் தைப்பொங்கல் இந்தக் கொத்தோடுதான் தொடங்குகிறது. கூரையில் செருகுவதால் பூளைக்குக் கூரைப்பூ என்றே பெயர் வந்துவிட்டது.

கெட்டது அண்டாது, நோய்நொடி வராது என்பது நம்பிக்கை. அதன் அறிவியலைத் தேடும் பலர் இந்தக் கொத்து கிருமியைக் கொல்லும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது சரியில்லை. வேம்பில் உள்ள அசாடிராக்டின் தன்னைத் தின்னும் பூச்சியின் பசியைக் கெடுக்கிறது, தோலுரித்து வளர விடாமல் தடுக்கிறது. ஆனால் அந்தப் பொருள் பூச்சியின் வயிற்றுக்குள்ளோ உடலின் மேலோ போய்ச் சேர வேண்டும். இறவாரத்தில் தொங்கும் இலை வாசலில் நின்று நோயைத் தடுக்காது. அதே இலையைக் காயவைத்து நெல் குதிருக்குள் போட்டார்களே, அங்கேதான் அதற்கு உண்மையான வேலை இருந்தது. அறுவடை வீடு வந்து சேரும் மாதத்தில் வேப்பிலை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது பூளை. ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக் கணுக்கள் தோறும் பஞ்சைத் திரித்து ஒட்டியதுபோல் வெள்ளைக் கதிர்கள். ஒவ்வொரு பூவும் கடுகளவுதான். இதழ் என்று நாம் நினைப்பது சருகு போன்ற மெல்லிய ஏடு. அதன் முதுகில் பட்டு மயிர். தண்ணீர்ச் சத்து அதில் மிகக் குறைவு. அதனால் பறித்த பிறகு வாடிச் சுருங்க அங்கே ஒன்றுமில்லை. மல்லிகை மறுநாள் பழுத்துவிடும், பூளை மாதக்கணக்கில் கூரையில் அப்படியே நிற்கும். ஆண்டு முழுதும் காவல் இருக்க வேண்டிய கொத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூ இந்த வட்டாரத்துக் காட்டில் கிடைக்காது. ஏர்வா லனாட்டா என்பது இதன் அறிவியல் பெயர். தண்டுக்கீரை, நாயுருவி, கோழிக்கொண்டை எல்லாம் இதன் குடும்பம். சித்த மருத்துவத்தில் இது சிறுபீளை. சிறுநீர்க் கல்லுக்குக் குடிநீர் வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். எலிகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு ஓரளவு ஆதரவாக இருக்கின்றன. ஆனால் எலியில் கண்டதை வைத்து, கல்லால் துடிக்கிறவர் மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது.

சங்க நூல்களுக்குள் போனால் இதே பூவுக்கு வேறொரு வாழ்க்கை இருக்கிறது. கலித்தொகையில் காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர் நடுவே வருகிறான். அவன் அணிந்து வருபவை பூளை, ஆவிரை, எருக்கு. இன்று வாசலில் மங்கலமாகக் கட்டும் பூளையும் ஆவாரையும் அன்று மானத்தை விட்டவனின் அடையாளங்கள்! மூன்றும் யாரும் நட்டு வளர்க்காதவை. வறண்ட மேட்டிலும் தரிசிலும் தாமே முளைப்பவை. பெண்கள் கூந்தலுக்குத் தேடும் பூக்களும் அல்ல. ஊரார் மதிக்கும் பூவை இழந்துவிட்டேன் என்று சொல்லாமல் சொல்ல அவனுக்கு இவை உதவின என்று நினைக்கிறேன். யாரும் தண்ணீர் ஊற்றாமலே தாக்குப்பிடிக்கும் குணம்தான் ஒரு காலத்தில் கைவிடப்பட்டவனுக்குப் பொருந்தியது. இன்னொரு காலத்தில் காவலுக்குப் பொருந்துகிறது. செடி மாறவில்லை.

பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரகுச் சோற்றுக்கே பூளைப்பூவை உவமை சொல்லியிருக்கிறார். வரகும் சாமையும் விளையும் கொல்லிமலை துறையூருக்குப் பக்கம்தான். அங்கே வெந்த வரகைத் தட்டில் பார்த்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

ஆவாரை வேறு வகையில் கெட்டிக்காரச் செடி. அதன் பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் இருக்கும். பெரிய வண்டுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவிட்டால்தான் தூள் கொட்டும். காலை வேளையில் புதரருகே நின்றால் அந்த ரீங்காரம் கேட்கும். ஆவாரம் பட்டையின் துவர்ப்பை நம்பித்தான் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்தது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை மருத்துவச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. வறட்சியிலும் பூக்கிற செடியைப் பார்த்து ஒரு வறண்ட சீமை அடைந்த தைரியம் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

வேலியோரத்து நொச்சியையும் சொல்லியாக வேண்டும். பழந்தமிழ்ப் போர் மரபில் கோட்டையை முற்றுகையிடுகிறவர்கள் உழிஞைப் பூச் சூட, கோட்டைக்குள் இருந்து காப்பவர்கள் சூடியது நொச்சி. இன்றும் காட்டு வேலியாக நிற்பது அதுவே. ஆடு வாய் வைக்காத இலை, வெட்ட வெட்டத் தழையும் தூர். மாட்டுக்கொட்டகையில் மூட்டம் போட்டால் கொசு விலகுவதும் அதன் எண்ணெய் வாசத்தால்தான்.

இந்தச் செடிகளில் ஒன்றுகூட அரிதானதல்ல. ஆனால் களைக்கொல்லி தெளித்த வரப்பில் பூளையும் தும்பையும்தான் முதலில் காணாமல் போகின்றன. சந்தைக்குக் கட்டு சேர்க்கும் அவசரத்தில் பூளையை வேரோடு பிடுங்குவதும் நடக்கிறது. அதன் அடித்தூர் கட்டையானது. மேலே மட்டும் அரிவாளால் அறுத்தால் மறுமழையில் அதே தூர் துளிர்க்கும். கதிரில் முற்றிய கருமணி விதைகளை அந்த இடத்திலேயே கொஞ்சம் உதறிவிட்டு வந்தால் பக்கத்திலும் முளைக்கும். கட்டு வாங்கும்போது வேர் இருக்கிறதா என்று பார்த்து, அறுத்த கட்டாகக் கேட்டு வாங்கலாம்.