சுண்ணாம்புக்கல் பூமியில் ஏழைக்கு என்ன பங்கு?

வறுமை ஒழிப்புக்கு அரசுகள் இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்று கோரும்போதெல்லாம் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'நிதி எங்கே இருக்கிறது?' இந்தக் கேள்வி செல்லுபடியாகாத இடங்களும் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றுள் ஒன்று, அரியலூர் மாவட்டத்தில் ரெட்டிபாளையத்தையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் உள்ளடக்கிய சுண்ணாம்புக்கல் பூமி.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலாக இருந்த நிலம் இது. அக்கடலின் படிவுகளே இன்று சிமென்டுக்கு மூலப்பொருள். தமிழ்நாடு சிமென்ட் கழகத்தின் அரியலூர் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னர் பெரிய தனியார் ஆலைகளும் வந்தன. தமிழ்நாட்டின் வீடுகளும் பாலங்களும் எழுவதற்கு இந்த மண் தன்னையே தோண்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால், சிமென்ட் சாலையைத் தாண்டி உள்ளே சென்றால், மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் விளைவிக்கும் மானாவாரி நிலங்களையும், ஊரக வேலைத் திட்டத்தின் கூலிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களையும், புழுதி பறக்கச் செல்லும் சுண்ணாம்புக்கல் லாரிகளையும்தான் நான் காண்கிறேன்.

ஆலைகள் வேலைவாய்ப்பைத் தந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், சுரங்கத்துக்காக ஒரு வயல் கைமாறும்போது இழப்பு எப்படிப் பகிரப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிலத்தின் உரிமையாளருக்கு விலை கிடைக்கிறது. அந்த வயலில் களை எடுத்த, கதிர் அறுத்த, அதன் வரப்பில் ஆடு மேய்த்த நிலமற்ற குடும்பத்துக்குக் கிடைப்பது என்ன? பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. ஆகவே இழப்பீட்டிலும் இல்லை. கனிமம் மிகுந்த மண்ணில் வறுமை நீடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த அநீதியைச் சரிசெய்ய ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தில் 2015-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம், சுரங்கம் செயல்படும் ஒவ்வொரு மாவட்டத்திலும் 'மாவட்டக் கனிம அறக்கட்டளை' அமைக்கப்பட வேண்டும் என்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின், பகுதிகளின் நலனுக்காகச் செயல்படுவதே அதன் நோக்கம். அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையுடன் (ராயல்டி) கூடுதலாக ஒரு பங்கை சுரங்கக் குத்தகைதாரர்கள் இந்த அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். 2015 ஜனவரி 12-க்கு முன்பு வழங்கப்பட்ட குத்தகைகளுக்கு அது உரிமத்தொகையில் 30 விழுக்காடு. அதன் பின் வழங்கப்பட்டவற்றுக்கு 10 விழுக்காடு.

சுண்ணாம்புக்கல்லுக்கு உரிமத்தொகை டன்னுக்கு 80 ரூபாய் என்று 2014-இல் நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், பழைய குத்தகைச் சுரங்கத்திலிருந்து ஒரு டன் கல் வெளியேறும்போது அறக்கட்டளைக்கு 24 ரூபாய் சேர வேண்டும். பத்து லட்சம் டன் என்றால் 2 கோடியே 40 லட்சம் ரூபாய். சிமென்டின் வகையைப் பொறுத்து ஒரு மூட்டைக்கு 50 முதல் 70 கிலோ வரை சுண்ணாம்புக்கல் தேவைப்படலாம். அப்படியானால், நாம் வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஏறத்தாழ ஒன்றரை ரூபாய், கல் தோண்டப்பட்ட ஊரின் மக்களுக்கு உரியது.

இது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வேறுபட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சமூகப் பொறுப்பு நிதியில் எதற்குக் கொடுப்பது என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. கனிம அறக்கட்டளையின் பணமோ பாதிக்கப்பட்டவர்களின் சட்டப்படியான பங்கு. அதைப் பெறுவதற்கு அவர்கள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

பங்கு யாருக்கு என்பதையும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவுபடுத்துகின்றன. 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கு 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் விளக்கத்தையே அவை எடுத்துக்கொள்கின்றன. அந்த விளக்கத்தில் நிலமற்ற வேளாண் தொழிலாளர்கள், குத்தகை விவசாயிகள், வாரதாரர்கள், கைவினைஞர்கள் ஆகியோரும் அடங்குவர். பாதிக்கப்பட்டோரின் பட்டியலைத் தயாரித்து, அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியது அறக்கட்டளையின் கடமை. குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள்–குழந்தைகள் நலம், முதியோர், மாற்றுத்திறனாளிகள் நலம் போன்ற முன்னுரிமைப் பணிகளுக்குக் குறைந்தது 60 விழுக்காடு செலவிடப்பட வேண்டும் என்றிருந்தது, 2024-இல் 70 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

சட்டம் இருக்கிறது, பணமும் வருகிறது. எனில், குறை எங்கே? என் பார்வையில், முடிவெடுக்கும் இடத்தில் ஏழை இல்லை என்பதே குறை. ஐந்தாவது அட்டவணையின் கீழ்வரும் பழங்குடிப் பகுதிகளில் அறக்கட்டளையின் திட்டங்களுக்குக் கிராமசபையின் ஒப்புதல் கட்டாயம். ஆண்டு முடிந்ததும் பணிகள் பற்றிய அறிக்கையை அங்கே வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் இல்லாததால், அந்தக் கட்டாயம் அரியலூருக்குப் பொருந்துவதில்லை. மாவட்ட நிர்வாகத்தின் மேசையில் முடிவு எடுக்கப்படும்போது, எளிதில் அளவிடக்கூடிய கட்டடமும் சாலையும் முந்திக்கொள்கின்றன. இருமிக்கொண்டிருக்கும் முதியவரின் நுரையீரல் பரிசோதனையும், மேய்ச்சல் நிலத்தை இழந்த பெண்ணின் மாற்று வாழ்வாதாரமும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

தமிழ்நாடு வறுமை குறைந்த மாநிலம்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நீதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, 2019–21 காலத்தில் தமிழ்நாட்டில் வறுமையில் இருந்தோர் 2.20 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால், ஏறத்தாழ 7.6 கோடி மக்கள் வாழும் மாநிலத்தில் 2.20 விழுக்காடு என்பது பதினாறு, பதினேழு லட்சம் பேர். எஞ்சியிருக்கும் இந்த வறுமை, பொதுவான திட்டங்களின் கைக்கு எட்டாத வறுமை. அதை வீடு வீடாகத் தேடித்தான் கண்டுபிடிக்க முடியும்.

கேரளம் அதைச் செய்து பார்த்தது. உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக 64,006 அதிதீவிர ஏழைக் குடும்பங்களை அடையாளம் கண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே திட்டம் வகுத்தது. ஒரு வீட்டுக்கு மருந்து, ஒரு வீட்டுக்குக் குடும்ப அட்டை, இன்னொரு வீட்டுக்குக் கூரை. 2025 நவம்பர் 1 அன்று அதிதீவிர வறுமை ஒழிந்த மாநிலமாக அது தன்னை அறிவித்துக்கொண்டதன் மீது விமர்சனங்களும் உண்டு. ஆனால், குடும்பத்தை அலகாகக் கொண்ட அந்த அணுகுமுறை பின்பற்றத்தக்கது. ஐந்து லட்சம் ஏழைக் குடும்பங்களைக் கைதூக்கிவிடும் 'தாயுமானவர்' திட்டத்தை 2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த தமிழ்நாடு அரசுக்கும் இந்த நோக்கம் புதிதல்ல.

அரியலூரில் அந்த நோக்கத்துக்குத் தனி நிதியே இருக்கிறது. அதோடு புதிய வருவாயும் சேர்ந்திருக்கிறது. கனிமங்கள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில் தமிழ்நாடு இயற்றிய கனிம வள நிலவரிச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு விதிக்கப்பட்ட வரி டன்னுக்கு 160 ரூபாய். அதாவது, உரிமத்தொகையைப்போல் இரு மடங்கு.

ஆகவே, நான் வலியுறுத்துவது மூன்று. முதலாவதாக, நிலமற்றோரையும் உள்ளடக்கிய பாதிக்கப்பட்டோர் பட்டியல் ஊர்வாரியாக வெளியிடப்பட வேண்டும். இரண்டாவதாக, பழங்குடிப் பகுதிகளுக்கு வழங்கப்பட்டுள்ள கிராமசபை ஒப்புதல் உரிமையை, தமிழ்நாடு அரசு தன் விதிகளைத் திருத்தி எல்லாச் சுரங்கக் கிராமங்களுக்கும் வழங்க வேண்டும். மூன்றாவதாக, புதிய நிலவரியில் ஒரு நிலையான பங்கு, கல் தோண்டப்பட்ட ஊராட்சிகளுக்கே திரும்ப வேண்டும். மத்திய அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 60 முதல் 79 வயது வரையிலான முதியோரின் ஓய்வூதியத்தில் அது தரும் பங்கு, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாதம் 200 ரூபாயிலேயே நிற்கிறது. அந்தத் தொகையை இனியும் அப்படியே விட்டுவைப்பதற்கு நியாயம் ஏதும் இல்லை.

இவற்றுள் முதல் கோரிக்கைக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மாவட்ட நிர்வாகம் இரண்டு தாள்களை மக்கள்முன் வைத்தால் போதும். ஒன்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியல். மற்றொன்று, அவர்கள் பெயரில் வந்த பணத்தின் வரவு–செலவுக் கணக்கு. தம் பெயர் விடுபட்டிருப்பதை எழுந்து நின்று சொல்வதற்கு ஓர் ஏழைக்கு அன்று வாய்ப்புக் கிடைக்கும்.