ஒரே ஒரு மணியைப் பார்த்தால் போதும்! புதுச்சேரி மியூசியத்தில் பிள்ளைகளோடு ஒரு காலைப்பொழுது

சனிக்கிழமை வந்துவிட்டால் புதுச்சேரி ஒயிட் டவுனில் கால் வைக்க இடமிருக்காது. மஞ்சள் சுவருக்கு முன்னால் ஒரு போட்டோ, காகிதப்பூக் கொடிக்குக் கீழே இன்னொன்று, அப்புறம் பீச், ஐஸ்கிரீம். அதே பகுதியில், பாரதி பூங்காவை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். உள்ளே போகிற குடும்பங்களும் கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கப் போவதுபோல எல்லா அறைகளையும் வேகமாகச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகின்றன. கேட்டால், 'பழைய சிலை, பழைய பானை, அவ்வளவுதான்' என்பார்கள்.

அந்தப் 'பழைய பானை'க்கு ஒரு கதை உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக 1944-ல் பொறுப்பேற்ற மார்டிமர் வீலர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தார். அங்கே ஒரு அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவியபோது, உடைந்த மண்ஜாடி ஒன்றின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் கையில் தட்டுப்பட்டன. எடுத்துப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மத்தியதரைக்கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் ஊற்றி வைக்கும் ஆம்போரா ஜாடி அது! எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், புதுச்சேரிப் பக்கம் என்றார்கள். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு உடனே கிளம்பினார். அங்கே நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் இன்னும் பல ரோமானியத் துண்டுகள் அவருக்காகக் காத்திருந்தன. 1945-ல் அரிக்கமேட்டில் அவர் தோண்டிய குழிகளிலிருந்துதான், தமிழகக் கடற்கரைக்கும் ரோமுக்கும் நடந்த வணிகத்துக்கு மண்ணுக்கடியிலிருந்து உறுதியான சான்று வந்தது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகிறதே, அது வந்து இறங்கிய ஜாடிகள் இப்படித்தான் இருந்திருக்கும்.

வீலருக்கு முன்பே இதைக் கவனித்தவர்களில் பெரிய படிப்புப் படிக்காதவர்களும் உண்டு. அரிக்கமேட்டுப் பக்கத்துச் சிறுவர்கள்தான் அவர்கள்! 1937 வாக்கில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய், அந்தப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் விலை கொடுத்து வாங்கினார். தரையில் பளபளத்தது அந்தப் பிள்ளைகள் கண்ணில் பட்டது. அதுதான் தொடக்கம்.

இன்றைய பிள்ளைகளுக்கும் அந்தக் கண் இருக்கிறது. நாம்தான் 'சீக்கிரம் வா, இன்னும் நாலு ரூம் இருக்கு' என்று கையைப் பிடித்து இழுக்கிறோம்.

எனவே அடுத்த முறை எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கும் பகுதிக்குப் போய், ஒரு சின்னக் கண்ணாடி மணிக்கு முன்னால் நில்லுங்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகூட உண்டு. 'இத்துனூண்டு மணியில எப்படிப்பா ஓட்டை போட்டாங்க?' என்று பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கல் மணி என்றால் துளையிட்டுத்தான் ஆகவேண்டும். கண்ணாடி மணிக்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வழி வேறு. உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீளக் குழாயாக இழுத்து, ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனைகளை மழுக்கினார்கள். ஆக, முதலில் பிறந்தது துளை, மணி அப்புறம்தான்! இந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடைத்திருக்கின்றன. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் மணி செய்யும் தொழில் நம் காலம்வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

அடுத்து, வெண்கலச் சிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் நகையுமாக, முகம் மட்டும் தெரியத்தான் பார்த்திருப்போம். இடுப்பு எப்படி வளைந்திருக்கிறது, எந்தக் காலில் பாரம் இறங்குகிறது என்பதெல்லாம் அலங்காரத்துக்குள் மறைந்துவிடும். மியூசியத்தில் அது முழுசாகத் தெரியும். உற்சவர் சிலைகளின் பீடத்தில் துளையோ வளையமோ இருக்கிறதா என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். வீதியுலாவுக்குத் தூக்கிச் செல்ல கழி செருகவும் கட்டவும் வைத்த ஏற்பாடு அது. சில பழைய சிலைகளில் மூக்கும் கண்ணும் மழுங்கியிருந்தால், தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துடைத்த கைகளின் தேய்மானமாக அது இருக்கலாம். அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால், அப்புறம் அதைச் சும்மா 'பழைய சிலை' என்று சொல்ல வாய் வராது.

ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோவது நல்லது. படம் அழகாக வரவேண்டும் என்பதில்லை. வரையும்போதுதான் நடராஜர் தூக்கிய கால் எது, வலதா இடதா என்ற சந்தேகமே வரும். (பெரியவர்களும் சிலையைப் பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்!)

பிரெஞ்சுக்காலக் கூடத்தில் கவர்னர் டூப்ளே படுத்ததாகச் சொல்லப்படும் கட்டில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடிப்பது, ஆள் பின்னாலிருந்து தள்ள, உட்கார்ந்திருப்பவர் திருப்பிக்கொண்டு போகும் 'பூஸ் பூஸ்' வண்டிதான். தள்ளியவர் யாராக இருந்திருப்பார் என்ற கேள்வியையும் போகிறபோக்கில் போட்டு வையுங்கள். பதிலை அவர்களே யோசிக்கட்டும்.

திங்கட்கிழமை விடுமுறை என்பதால் மற்ற நாளாகப் பார்த்துப் போங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் அரிக்கமேட்டுக்கே ஒரு நடை போய்வரலாம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மரங்களும், பிற்காலத்துச் செங்கல் கட்டடம் ஒன்றின் இடிந்த சுவர்களும்தான் மிச்சம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றும். காலையில் அந்த மணியை உற்றுப் பார்த்த பிள்ளை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கும். ஏதாவது கண்ணில் பட்டால் காட்டச் சொல்லுங்கள், எடுக்க மட்டும் விடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம்.