பிராம்ஸின் நான்காம் சிம்பொனி: எந்தப் பதிவைக் கேட்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வாத்திய ஸங்கீதத்தில் மனம் ஈடுபட்ட ஒருவர், யோஹானஸ் பிராம்ஸின் நான்காம் சிம்பொனியைக் கேட்கலாம் என்று உட்காரும்போது, 1927இல் ஹெர்மன் அபெண்ட்ராத் லண்டன் சிம்பொனி குழுவைக் கொண்டு பதிவு செய்த பழைய தட்டுகள் தொடங்கி நேற்று வெளிவந்த பதிவு வரையில், எண்ணி முடியாத அளவுக்கு அந்த ஒரே படைப்பு அவர் முன் வந்து நிற்கிறது. வழிகாட்டி நூல்களும் பத்திரிகைகளும் இவற்றுக்கு நட்சத்திரக் குறிகள் இட்டு வரிசைப்படுத்தித் தருகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றிலிருந்து எந்த இடத்தில், எதனால் வேறுபடுகிறது என்பதைச் சொல்லாத வரிசையால் ரஸிகருக்கு என்ன பிரயோஜனம்? ஒலியின் தெளிவு, வாத்தியக் குழுவின் கீர்த்தி, நடத்துநரின் பெயர் இவையெல்லாம் கவனிக்கத் தக்கவையே என்றாலும், ரொமாண்டிக் யுகத்துச் சிம்பொனிகளின் பதிவுகளைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் காது கொடுக்க வேண்டியது காலப்பிரமாணத்துக்குத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். நடத்துநர் காலத்தை எங்கே நெகிழ்த்துகிறார், எங்கே இறுக்குகிறார், நெகிழ்த்தியதை எப்படித் திரும்பக் கட்டுகிறார் என்பதில்தான் ஒரு பதிவின் ஜீவன் இருக்கிறது.

இந்தச் சிம்பொனியை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மலைப் பிரதேசத்தில் உள்ள ம்யூர்ட்ஸுஷ்லாக் என்ற சிற்றூரில் 1884, 1885 ஆகிய இரண்டு கோடைக் காலங்களில் பிராம்ஸ் இதை எழுதினார். 1885 அக்டோபர் 25ஆம் தேதி மைனிங்கன் அரண்மனை வாத்தியக் குழுவைத் தாமே நடத்தி அரங்கேற்றினார். ஹான்ஸ் ஃபான் பியூலோ பயிற்றி வைத்திருந்த அந்தக் குழுவில் வாத்தியக்காரர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. ஈ மைனரில் அமைந்த இப்படைப்பின் நான்கு அங்கங்களில், மூன்றாவது அங்கம் மட்டும் டிரையாங்கிள் ஒலிக்க ஆரவாரமாகக் குதித்தோடுகிறது. கடைசி அங்கமோ பாஹின் 150ஆம் கான்டாட்டாவிலிருந்து தழுவிய எட்டு ஆவர்த்தனக் கருப்பொருளை முப்பது முறை உருமாற்றி, அதன் மேல் ஒரு முடிவுரையையும் எழுப்புகிறது. அரங்கேற்றத்துக்குச் சற்று முன்பு வியன்னாவில் நெருங்கிய நண்பர்களைக் கூட்டி, பிராம்ஸும் இக்னாஸ் ப்ரூலும் பியானோவில் இதை வாசித்துக் காட்டியபோது, அவர்களில் மாக்ஸ் கால்பெக் போன்ற பக்தர்களே மூன்றாவது அங்கத்தை நீக்கிவிட்டுக் கடைசி அங்கத்தைத் தனிப் படைப்பாக வெளியிடலாமே என்று யோசனை சொன்னார்கள். ஆகையால் முதல் கேள்வியில் இது பிடிபடவில்லை என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

பிராம்ஸ் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரனோம் எண்களைக் கொடுக்கவில்லை. நான்காம் சிம்பொனியின் கைப்பிரதியிலே சில இடங்களில் வேகத்தைச் சற்று மாற்றும்படி பென்சிலால் குறித்து வைத்த அவர், 1886இல் வயலின் வித்துவான் யோசஃப் யோவாகிமுக்கு எழுதிய கடிதத்தில், படைப்பு புதிதாக இருக்கும்போதுதான் இத்தகைய மிகைகள் வேண்டும், வாத்தியக்காரர்களுக்கு அது பழகிவிட்டால் அவை தேவைப்படாது என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அச்சுப் பிரதியில் அந்தக் குறிகள் ஏறவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, காலப்பிரமாணம் சற்றும் அசையாத பதிவே ஆசிரியரின் கருத்துக்கு இசைந்தது என்று சிலர் தீர்ப்புக் கூறுகிறார்கள். அதே கடிதத்தைப் படித்துவிட்டு, பிராம்ஸே நெகிழ்த்தினார் பாருங்கள் என்று வேறு சிலர் வாதிக்கிறார்கள்.

நேரில் கண்டவர்களைச் சாட்சிக்கு அழைத்தாலாவது வழக்குத் தீருமா என்றால், அதுவும் தீரவில்லை. பிராம்ஸை நேரில் அறிந்த இருவர் இந்தச் சிம்பொனியைப் பதிவு செய்திருக்கிறார்கள். மாக்ஸ் ஃபீட்லர் 1930இல் பெர்லின் அரசு ஓபரா வாத்தியக் குழுவைக் கொண்டு செய்த பதிவில், சொற்றொடருக்குச் சொற்றொடர் வேகம் மாறுகிறது. ஒரு கருப்பொருளின் தலைவாசலில் தயங்கி நின்று, பிறகு சட்டென்று முன்னே பாய்கிறார். 1895இல் வியன்னாவில் இரண்டாம் சிம்பொனியை நடத்தி, பிராம்ஸின் மனமார்ந்த பாராட்டைப் பெற்ற ஃபெலிக்ஸ் வைன்கார்ட்னர் 1938இல் லண்டன் சிம்பொனி குழுவுடன் செய்த பதிவிலோ, ஓட்டம் சீராகவும் விரைவாகவும் எவ்வித ஆடம்பரமும் இன்றியும் செல்கிறது. இருவரில் எவரைப் பொய்ச்சாட்சி என்று தள்ளுவது? ஒருவரையும் தள்ள முடியாது என்பதால், ஆசிரியரின் அங்கீகாரம் என்ற அளவுகோலை ஒதுக்கிவிட்டு, நம் காதையே நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களாகிறோம். இதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. அதற்கு ஏற்ற பொறுப்பும் இருக்கிறது. (அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிஷங்களுக்கு மேல் அடங்காது, ஏறக்குறைய நாற்பது நிமிஷச் சிம்பொனியைத் துண்டு துண்டாகவே பதிய வேண்டியிருந்தது. அந்த நிலைமையிலும் வைன்கார்ட்னரின் ஓட்டம் எங்கும் அறுபடாமல் கேட்பது எனக்கு என்றும் ஆச்சரியம்.)

ஃபீட்லரின் வழியை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் 1943 டிசம்பரில் அவர் நடத்திய கச்சேரியின் பதிவு நமக்குக் கிடைக்கிறது. அது நடந்த பழைய ஃபில்ஹார்மோனி மண்டபம் அடுத்த மாதமே குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று. அந்தப் பதிவின் ஆவேசம் கேட்பவரை நிலைகுலைக்கிறது. எனினும் அதே குழுவுடன் 1948 அக்டோபரில் அவர் செய்ததையே நான் முதலில் சிபாரிசு செய்வேன், ஏனெனில் அங்கே ஆவேசத்தோடு அமைப்பும் கூடி நிற்கிறது. வயலின்களின் முதல் ஸ்வரத்தை அவர் அளவுக்கு மேல் நீட்டிப் பிடிக்கிறார். எங்கிருந்தோ, நாம் அறியாத ஓர் இடத்திலிருந்து இசை கசிந்து வருவதுபோல் தோன்றுகிறது. பிறகு முதல் அங்கம் முழுவதும் சிறுகச் சிறுக இறுகி, முடிவை நெருங்கும்போது கட்டுக்கடங்காத வேகத்தில் பாய்கிறது. தேர்ந்த பௌராணிகர் ஒருவர் கதையின் ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தி நிறுத்தி, மற்றோரிடத்தில் சபையை மூச்சுவிடாமல் இழுத்துச் செல்வதைப் போன்றது அவர் காலத்தைக் கையாளும் விதம். ஆர்ட்டூரோ டாஸ்கனீனி 1952இல் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் பில்ஹார்மோனியா குழுவை நடத்திய கச்சேரியின் பதிவை அடுத்ததாகக் கேட்டால், இதற்கு எதிர்த் துருவம் எது என்பது விளங்கும்.

இப்படி ஒவ்வொன்றையும் முழுவதும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டுமென்பதில்லை. கடைசி அங்கத்தில் ஓர் இடம் இருக்கிறது; அதை வைத்தே ஒரு பதிவைப் பெரும்பாலும் எடைபோட்டுவிடலாம். பதினோராவது உருமாற்றம் ஓய்ந்ததும், தனித்த ஒரு புல்லாங்குழல், தந்தி வாத்தியங்களும் ஹார்ன்களும் ஆதாரத் தட்டை விட்டுவிட்டு மெல்லத் தொடும் ஒலிகளின் மேல், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க முடியாமல் விம்மி விம்மி ஏறி இறங்குகிறது. இங்கே பிராம்ஸ் ஆவர்த்தனத்தின் அளவை இரட்டிப்பாக்கியிருக்கிறார். ஆனால் கால் ஸ்வரத்தின் மதிப்பு முன்னிருந்தபடியே இருக்க வேண்டுமென்றும் குறித்திருக்கிறார். அதாவது வேகம் குறையாமலே, எழுத்தின் அமைப்பினாலேயே இசை பாதியாக மெதுவாகிவிடுகிறது. இதை நம்பாமல், அந்த மெதுவின் மேல் தாமும் ஒரு மெதுவைச் சேர்க்கும் நடத்துநர்கள் பலர். அவர்களுடைய கையில் புல்லாங்குழல் அழகாகப் பாடினாலும், அடியிலே ஓடும் எட்டு ஆவர்த்தனக் கருப்பொருள் அறுந்துபோய், அடுத்து மேஜருக்குத் திரும்பும் துளை வாத்தியங்களும், மூன்று அங்கங்கள் முழுவதும் வாய் திறவாது காத்திருந்துவிட்டு இங்கே மிக மெல்லிய குரலில் ஒலிக்கும் டிராம்போன்களும் தனித்தனிச் சித்திரங்களாகப் பிரிந்துவிடுகின்றன. ஃபுர்ட்வாங்லரும் இங்கே வெகுவாகத் தாமதிக்கிறார். ஆனால் பதினாறாவது உருமாற்றத்தில் கருப்பொருள் முழு வலிமையோடு திரும்பி விழும்போது, அவர் கடன் வாங்கிய காலம் முழுவதையும் வட்டியோடு செலுத்திவிடுகிறார். அந்தத் திறமை இல்லாதவர்கள் கடனை மட்டும் வாங்குகிறார்கள்.

இந்த இடத்தில் தொய்வும் இல்லை, விறைப்பும் இல்லை என்று நான் துணிந்து சொல்லக்கூடிய பதிவு, கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் 1980இல் செய்தது. வாழ்நாள் முழுவதும் மிகச் சில படைப்புகளையே எடுத்துக்கொண்டு, அவற்றிலும் மிகச் சிலவற்றையே பதிவுக்குக் கொடுத்த இந்தக் கலைஞர், ஓட்டம் நிற்காமலே ஒவ்வொரு சொற்றொடருக்கும் மூச்சு விட இடம் கொடுக்கும் இரகசியத்தை அறிந்திருந்தார். முதல் ஸ்வரத்தை அவர் நீட்டுவதில்லை; ஏற்கெனவே எங்கோ ஓடிக்கொண்டிருந்த நதியில் நாம் இறங்குகிறோம். டிஜிட்டல் முறை தொடங்கிய காலத்துப் பதிவு ஆகையால் வயலின்களின் உச்ச ஒலியில் ஒருவிதக் கூர்மை உறுத்துவது உண்மை. ஆனால் அதை ஒரு காரணமாக்கி இந்தப் பதிவைத் தள்ளிவிடுவது பெரும் நஷ்டம். இதே சிம்பொனியை இதே குழு 1897 மார்ச் 7ஆம் தேதி ஹான்ஸ் ரிக்டரின் தலைமையில் வாசித்தபோது, நோயுற்று மெலிந்திருந்த பிராம்ஸ் சபையில் இருந்தார்; ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் ஜனங்கள் எழுப்பிய கரகோஷத்தை ஏற்றுக்கொண்டார்; ஒரு மாதத்துக்குள் காலமானார். ஆகவே இந்தக் குழுவுக்கு இந்தச் சிம்பொனி குலதனம் போன்றது என்றால் மிகையல்ல.

ஆட்டோ கிளெம்பரர் பில்ஹார்மோனியா குழுவுடன் ஐம்பதுகளில் செய்த பதிவில், முதல் வயலின்களையும் இரண்டாம் வயலின்களையும் இடமும் வலமுமாகப் பிரித்து அமர்த்தியிருப்பதால் இரு சாராரின் பேச்சும் மறுபேச்சும் தெளிவாகக் கேட்கின்றன. கட்டடத்தின் கம்பீரம் அதிகம், கனிவு குறைவு. கனிவு வேண்டுமென்பவர்கள் ப்ரூனோ வால்ட்டரின் 1959ஆம் வருஷத்துக் கொலம்பியா சிம்பொனி பதிவைத் தேடட்டும். மைனிங்கன் குழுவின் சிறிய அளவை மனத்தில் கொண்டு, ஸ்காட்டிஷ் சேம்பர் குழுவுடன் சார்லஸ் மாக்கெராஸ் 1997இல் செய்த பதிவு தனி மதிப்பு உடையது: தந்திகளின் கனம் குறைந்ததனால், வழக்கமாக அவற்றில் அமிழ்ந்துபோகும் பஸூன், கிளாரினெட் முதலிய துளை வாத்தியங்களின் உட்குரல்கள் வெளியே வந்து, பிராம்ஸ் தடித்த எழுத்துக்காரர் என்ற பழைய குற்றச்சாட்டில் பாதி பெரிய குழுக்களையே சாரும் என்பதை ரூபிக்கின்றன.

பழைய பதிவுகளை வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே ஃபுர்ட்வாங்லர் கச்சேரி பல பெயர்களில், பல மறுபதிப்புகளில் விற்பனையாகிறது. இரைச்சல் அறவே இல்லை என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. இரைச்சலை வழித்தெடுக்கும்போது வயலின்களின் மேல் ஸ்வராம்சங்களும், மண்டபத்தின் காற்றும் சேர்ந்தே வழித்தெடுக்கப்பட்டுவிடுகின்றன. சற்று இரைந்தாலும் வாத்தியத்தின் நிறம் மாறாத பதிப்பே உயர்ந்தது. அந்த இரைச்சல் சில நிமிஷங்களில் காதுக்குப் பழகிவிடும், போன நிறமோ திரும்புவதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் கிளைபரை முதலில் வைத்துக்கொண்டு, படைப்பின் உருவம் மனத்தில் பதியும் வரையில் வேறொன்றையும் நாடாமல் இருப்பது நலம். அதன் பிறகு ஃபுர்ட்வாங்லரின் 1948ஆம் வருஷத்துப் பதிவையும் மாக்கெராஸையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதனாலேயே, பிரதியில் உண்மையாக எழுதியிருப்பது எது, நடத்துநர் கொண்டுவந்தது எது என்று பிரித்தறியக் காது பழகும். ஃப்ரிட்ஸ் ரைனர் தம் இறுதிக் காலத்தில், 1962இல், லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் செய்த பதிவு ஒன்றுண்டு. மற்றவற்றைப்போல அதிகம் பேசப்படாத அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளும்படி சொல்வேன், ஏனெனில் அதிலுள்ள நெகிழ்ச்சி அத்தனை நுட்பமானது, மற்ற இரு வழிகளையும் கேட்டுத் தேர்ந்த காதுக்கே அது புலப்படும்.